பேருதான் வேற... மாத்திரை ஒண்ணுதான்!

எங்கள் ஊர் திருவண்ணாமலை. கார்த்திகை தீபம் ஏற்றும் திருவண்ணாமலை என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில், சீனிவாசப் பெருமாள் மலைமேல் இருக்கும் சின்ன ஊர். புரட்டாசி சனிக்கிழமை என்றால் ஊரே களைகட்டும். போன வருஷம் அந்தச் சனிக்கிழமை எங்கள் வீட்டில் மட்டும் அழுகைதான்.

என் மாமியாருக்கு 65 வயது. ரத்தக் கொதிப்புக்கு ராஜபாளையத்தில் ஒரு தனியார் டாக்டர் எழுதிய மாத்திரையை நாலு வருஷமாகச் சாப்பிட்டு வந்தார். என் கணவருக்குச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலை. பையனின் படிப்புச் செலவு கூடவே, அத்தையை ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். இலவசமாக மாத்திரை கொடுத்தார்கள். பழைய மாத்திரையைப் பற்றி அங்கே நாங்கள் வாயே திறக்கவில்லை. அதுதான் நாங்கள் செய்த தப்பு.

"சும்மா கொடுக்குற மாத்திரை எந்த மூலைக்கு?" என்று நினைத்த அத்தை, என் நாத்தனாரிடம் சொல்லிப் பழைய மாத்திரையையும் வாங்கி, எனக்குத் தெரியாமல் இரண்டையும் விழுங்கியிருக்கிறார்! கொஞ்ச நாளில் கணுக்கால் இரண்டும் வீங்கின. வயசுக் கோளாறு என்று விட்டுவிட்டோம். சனிக்கிழமை பாதிப் படி ஏறும்போதே கண் இருட்டிச் சாய்ந்துவிட்டார். பின்னால் வந்த பெண் தாங்கிப் பிடித்திராவிட்டால், நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

ஆஸ்பத்திரியில், பிரஷர் ரொம்ப இறங்கிவிட்டது என்றார்கள். மருந்து கொடுக்கும் பெண், "வீட்டுல இருக்குற அட்டை எல்லாத்தையும் கொண்டு வாங்கக்கா" என்றாள். இரண்டு அட்டையையும் பக்கத்தில் வைத்து, "வாசிங்க" என்றாள். நான் பத்தாவது படித்தவள். ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். அம்-லோ-டி-பின், 5 மில்லிகிராம். இரண்டிலும் அதே பெயர், அதே அளவு! கம்பெனி வைத்த பெயரும் மாத்திரையின் நிறமும்தான் வேறு.

அவள் விளக்கியது இதுதான்: புது மருந்தைக் கண்டுபிடித்த கம்பெனிக்கு 20 வருஷம் காப்புரிமை உண்டு. அது முடிந்ததும் லைசென்ஸ் உள்ள மற்ற கம்பெனிகளும் அதே மருந்தைத் தயாரிக்கலாம். மூல மருந்தின் பெயரிலேயே விற்றால் அது ஜெனரிக். கம்பெனி தனக்கென்று ஒரு பெயர் சூட்டினால் பிராண்டு. விளம்பரச் செலவெல்லாம் சேர்வதால் பிராண்டின் விலை ஏறுகிறது. 1994ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மூலப் பெயரிலேயே மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கி அரசு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறது. விலை குறைவு என்பதால் வீரியம் குறைவு என்று அர்த்தமில்லை.

வீட்டுக்காரர் கேட்டுவிட்டு, "நம்ம தறித் துணி மாதிரிதான். துணி ஒண்ணு, பெட்டி மேல லேபிள் வேற" என்றார். அத்தைக்கு அப்போதுதான் புரிந்தது!

வெளியில் வாங்குகிறவர்களுக்கு 2008ல் தொடங்கிய மக்கள் மருந்தகங்கள் உண்டு. 2025 பிப்ரவரியில் தமிழக அரசு 1,000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. இங்கெல்லாம் ஜெனரிக் மருந்து மலிவாகக் கிடைக்கும்.

சகோதரிகளே, ஒரு வார்த்தை. மாத்திரையை நிறத்தை வைத்து அடையாளம் பார்க்காதீர்கள். அட்டையில் உள்ள மூல மருந்தின் பெயரையும் மில்லிகிராம் அளவையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் அந்த நோட்டைக் காட்டுங்கள். மலிவு என்று நீங்களாகவும் மாற்ற வேண்டாம். குறிப்பாக வலிப்பு, தைராய்டு மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் மாற்றவே கூடாது.

இப்போது அத்தை ஒரே மாத்திரைதான் சாப்பிடுகிறார். கால் வீக்கம் வடிந்துவிட்டது. இந்தப் புரட்டாசிக்குப் படியேறுவேன் என்கிறார். கூடவே நானும் ஏறப் போகிறேன், கையைப் பிடித்துக்கொண்டு!

- ஒரு வாசகி,
திருவண்ணாமலை, ஸ்ரீவில்லிபுத்தூர்.