பொருந்தாத தலையும் பிஸ்டனும்

வெங்காயம் கிழங்கு வைக்கும் பருவத்தில் இரண்டு இறைப்புத் தவறினால் நேரும் நட்டத்தைக் கமக்காரருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. கீரிமலைச் சுற்றாடலில் செம்மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புப் பாறையாதலால், மேலே பாய்ச்சிய நீர் விரைவிற் கீழிறங்கிவிடும். எனவே இறைக்கும் இயந்திரம் நின்றால் பயிரும் வாடும்.

சென்ற சிறுபோகத்தில் இப்பகுதித் தோட்டமொன்றில் ஒரு மண்ணெண்ணெய் எஞ்சினைப் பார்வையிட நேர்ந்தது. கயிற்றை இழுத்தால் அது கையைப் பின்னோக்கி உதறிற்று. பெற்றோலில் ஒருவாறு ஓடியது. சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றியதும் இரும்பிற் சுத்தியல் கொண்டு தட்டுவது போன்ற ஓசை எழுந்தது. தோட்டக்காரர் காபரேற்றரை இருமுறை கழுவி, பிளக்கையும் புதிதாக இட்டிருந்தார். பிழையோ வேறிடத்தில் இருந்தது. எஞ்சினின் தலை, அதே அளவுள்ள பெற்றோல் எஞ்சினிலிருந்து கழற்றி மாட்டப்பட்டது.

இத்தகைய கலப்பு இங்கு புதுமையன்று. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். போர் முடிந்தபின் காணிகள் கட்டங்கட்டமாகவே விடுவிக்கப்பட்டன. மீண்டு வந்தோர் கிடைத்த உறுப்புகளைக் கொண்டே இயந்திரங்களை ஒப்பேற்றினர். ஆணித் துளைகள் பொருந்தினால் தலையும் பொருந்தும் எனக் கொள்வதே இங்கு நேரும் தவறு.

பிஸ்டன் கீழே நிற்கும்போது அதன்மேலுள்ள முழு வெளியை, அது மேலே வந்தபின் எஞ்சும் வெளியால் வகுக்க வருவது அமுக்க விகிதம். உதாரணமாக, உருளையின் விட்டம் 60 மில்லிமீற்றர், பிஸ்டன் ஓட்டம் 57 மில்லிமீற்றர் என்க. பிஸ்டன் தள்ளும் வெளி ஏறக்குறைய 160 கன சென்ரிமீற்றர். தலையில் எஞ்சும் வெளி 40 எனின், 200ஐ 40ஆல் வகுக்க விகிதம் 5 ஆகும். மண்ணெண்ணெய்க்கு இது தகும். எஞ்சும் வெளி 26 மட்டுமேயுள்ள பெற்றோல் தலையை மாட்டினால் விகிதம் 7ஐத் தாண்டும். அத்துடன், பின்னின் நடுவிலிருந்து முடிவரை ஒரு மில்லிமீற்றர் உயரம் கூடிய பிஸ்டனையும் இட்டால், இன்னும் 2.8 கன சென்ரிமீற்றர் குறைந்து, விகிதம் 8ஐ நெருங்கும்.

மண்ணெண்ணெய் இவ்வளவு அமுக்கத்தைத் தாங்காது. அமுக்கத்தால் எழும் வெப்பத்தில், தீப்பொறியால் தொடங்கிய எரிவு பரவுமுன்னே எஞ்சிய கலவை தானாக வெடிக்கும். நாம் கேட்ட ஓசை அதுவே. அது நீடித்தால் தலைக்கும் உருளைக்கும் இடையிலுள்ள கஸ்கற் ஊதிப் போகும். பிஸ்டன் முடியில் ஓட்டை விழவுங்கூடும்.

எதிர்மாறான பிழையும் உண்டு. முன்சொன்ன மண்ணெண்ணெய்த் தலையோடு 2 மில்லிமீற்றர் உயரம் குறைந்த பிஸ்டனை இட்டால் விகிதம் 4½ ஆகிவிடும். ஓசை எழாது, ஆனால் வலு குறையும், எரியாத எண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்ததை எண்ணிப் பார்த்தால், இந்த வீணும் சிறியதன்று.

ஐயம் இருப்பின் வீட்டிலேயே அளக்கலாம். பிளக்கைக் கழற்றி, இரு வால்வுகளும் மூடியிருக்கப் பிஸ்டனை உச்சியில் நிறுத்துக. பிளக் துளை மேல்நோக்கும்படி எஞ்சினைச் சரித்து, மருந்தேற்றும் ஊசிக்குழலால் ஒயிலை அளந்து, துளையின் அடிப்புரி வரை விடுக. சென்ற ஒயிலின் அளவே எஞ்சும் வெளி. பிளக்கைப் பூட்டுமுன், துளையைக் கீழ்நோக்கிச் சரித்து ஒயிலை வடித்து, சில்லைச் சுழற்றி மிகுதியையும் வெளியேற்றுதல் வேண்டும்.

சிலர் இரண்டு கஸ்கற்களை அடுக்கி விகிதத்தைக் குறைப்பர். அது ஓரிரு இறைப்புக்கு உதவலாம். பின் ஒழுகத் தொடங்கும். தலையைச் சீவுவிப்போரும், சீவுமளவுக்கு விகிதம் ஏறும் என்பதை மறத்தலாகாது. உதிரி உறுப்பு வாங்கச் செல்லும்போது பழைய தலை, பிஸ்டன், கஸ்கற் மூன்றையும் உடன் கொண்டு செல்க. பெற்றோலுக்கா மண்ணெண்ணெய்க்கா என்று கேட்டு, உறுப்பின் இலக்கத்தையும் ஒப்பிட்டு வாங்குக.

அத்தோட்டக்காரருக்கு மண்ணெண்ணெய் எஞ்சினுக்குரிய தலை கிடைக்க ஒன்பது நாள் சென்றது. அதுவரை அயலவரின் இயந்திரத்தை இரவல் பெற்று இரவில் இறைத்தார்.