மூன்று நாள் வாழ்ந்த குழந்தைக்கும் கணக்கு உண்டு!

"கேரளாவில் ஆயிரம் பேருக்கு ஏழு பேர் சாகிறாங்க. பீகாரில் ஐந்தரைப் பேர்கூட இல்லை. அப்படின்னா பீகார்க்காரங்கதான் ரொம்ப ஆரோக்கியமா?"

காலேஜில் படிக்கும் என் மகன் ஒருநாள் சாப்பிடும்போது இப்படிக் கேட்டான். பையன் சொன்ன கணக்கு தப்பில்லை. 2020-ம் வருட அரசாங்கப் புள்ளிவிவரப்படி இறப்பு விகிதம் கேரளாவில் 7.0, பீகாரில் 5.4!

கணக்கு சரி, முடிவுதான் தப்பு. தாத்தா, பாட்டி என்று நாலு பெரியவர்கள் இருக்கிற வீட்டையும், முழுக்க சின்னஞ்சிறுசுகளாக இருக்கிற வீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாவு எந்த வீட்டுக்கு முதலில் வரும்? கேரளாவில் வயதானவர்கள் அதிகம். நீண்ட நாள் வாழ்ந்துவிட்டுப் போகிறார்கள். பீகாரில் இளவட்டம் அதிகம்.

அதனால்தான் ஒரு ஊரின் ஆரோக்கியத்தைப் பார்க்க நிபுணர்கள் இன்னொரு எண்ணைத் தேடுகிறார்கள். உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் முதல் பிறந்தநாளைப் பார்க்காமலே போனவை எத்தனை? இதற்குப் பெயர் சிசு மரண விகிதம். அதே 2020-ல் பீகாரில் 27, கேரளாவில் 6. இப்போது கதையே தலைகீழ்! நம் தமிழ்நாட்டில் 13. தேசம் முழுவதும் 28. 1971-ல் இது 129 ஆக இருந்தது என்பதை நினைத்தால் பெருமூச்சு வருகிறது.

ஊர் திடீரென்று முன்னேறிவிட்டதா?

ஒரு சின்ன உதாரணம். இருபதாயிரம் பேர் வாழும் ஊர். வருடத்தில் 300 குழந்தைகள் பிறக்கின்றன. ஆயிரம் பேருக்கு 15, இது பிறப்பு விகிதம். அந்த 300-ல் ஆறு குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்துவிட்டால் சிசு மரணம் ஆயிரத்துக்கு 20.

இப்போது ஆறில் இரண்டு குழந்தைகளை யாருமே பதிவு செய்யவில்லை என்று வையுங்கள். பிறந்ததும் எழுதவில்லை, இறந்ததும் எழுதவில்லை. 298-க்கு நாலு. விகிதம் 13.4 ஆகிவிடும்! காகிதத்தில் ஊர் முன்னேறிவிட்டது. நர்சம்மா கூடுதலாக வேண்டாம், இன்குபேட்டர் வேண்டாம் என்று மேலே இருப்பவர்கள் நினைத்தால் யாரைக் குற்றம் சொல்வது?

என் அத்தைக்கு 1974-ல் ஒரு பெண் குழந்தை வீட்டிலேயே பிறந்தது. மூன்றாம் நாள் போய்விட்டது. "போன பிள்ளையை எங்கே போய் எழுதறது" என்று யாரும் வாயே திறக்கவில்லை. எந்தப் புத்தகத்திலும் அந்தக் குழந்தை இல்லை. அத்தையைத் தவிர வேறு யாருக்கும் அது நினைவிலும் இல்லை.

இப்படி விட்டுப்போன குழந்தைகளில் வேறு மாதிரியானவையும் உண்டு. இயற்கையில் ஆண் சிசுக்கள்தான் கொஞ்சம் பலவீனம், முதல் வாரங்களில் அவைதான் கூடுதலாக இறக்கும். ஆனால் சேலம், தர்மபுரி பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளில் தொண்ணூறுகளில் பெண் சிசு மரணம் மிஞ்சி நின்றது. இறப்புக்குக் காரணம் என்ற இடத்தில் 'சமூகக் காரணம்' என்று எழுதியிருந்தார்கள். நாசூக்கான இரண்டு வார்த்தைகள்! சொல்லத் துணியாத விஷயத்தை அந்த எண்கள் சொல்லிவிட்டன. தமிழக அரசு 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தை ஆரம்பித்ததன் பின்னணி இதுதான்.

சரி, மக்கள் எழுதாமல் விடுவதை அரசாங்கம் எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதற்குத்தான் மாதிரிப் பதிவுத் திட்டம். தேர்ந்தெடுத்த கிராமத்தில், அல்லது நகரத்தின் ஒரு பகுதியில், உள்ளூர்க்காரர் ஒருவர் பிறப்பு இறப்பைத் தொடர்ந்து குறித்துக்கொண்டே வருவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேறொருவர் வந்து, அவர் நோட்டைப் பார்க்காமல் வீடு வீடாக விசாரிப்பார். பிறகு இரண்டையும் ஒப்பிடுவார்கள். ஒத்துப்போகாதவற்றுக்கு மறுபடி நேரில் போய்ப் பார்ப்பார்கள். மேலே சொன்ன 2020 எண்களெல்லாம் அப்படி வந்தவைதான்.

'இதயம் நின்றதால்'

பெரியவர்கள் இறக்கும்போதும் ஒரு கோளாறு. சான்றிதழில் 'இதயமும் சுவாசமும் நின்றதால் மரணம்' என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். நின்றால்தானே மரணம்! அதற்கு முன்னால் என்ன நடந்தது? பத்து வருட சர்க்கரையா, சிறுநீரகம் பழுதா, பி.பி.யா? அந்த மூல வியாதியைத்தான் எழுத வேண்டும். துக்க நேரம்தான், இருந்தாலும் டாக்டரிடம் பணிவாகக் கேளுங்கள். நாளைக்கு உங்கள் பிள்ளைகளுக்கும் குடும்ப வியாதி என்னவென்று தெரியும்.

பதிவு செய்வது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலையில்லை. பிறப்போ இறப்போ, 21 நாளுக்குள் சொன்னால் கட்டணம் கிடையாது. தாண்டினால் தாமதக் கட்டணம். ஒரு வருடமும் தாண்டிவிட்டால் மாஜிஸ்திரேட் உத்தரவு வரை அலைய வேண்டும். ஆஸ்பத்திரியில் நடந்தால் அவர்களே தெரிவித்துவிடுவார்கள், வீட்டில் நடந்தால் குடும்பத் தலைவர் பொறுப்பு. பலரும் தடுமாறுவது ஒரு இடத்தில்தான்: சொந்த ஊரில் அல்ல, சம்பவம் நடந்த ஊரில்தான் பதிவு. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போன பெண்ணின் குழந்தைக்கு அங்கேதான். குழந்தை இறந்தே பிறந்தாலும் பதிவு உண்டு.

2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் முதல் டிரைவிங் லைசென்ஸ் வரை பிறந்த தேதிக்கு ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். அதனால் பிழைத்த குழந்தைகளை இப்போது யாரும் விடுவதில்லை. சில மணி நேரமே வாழ்ந்தவற்றைத்தான் விட்டுவிடுகிறோம். அதற்கும் பிறப்பு ஒரு பதிவு, இறப்பு ஒரு பதிவு.

இதைப் போன மாதம் அத்தையிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "ஏம்ப்பா, அதுக்குப் பேர்கூட வைக்கலையே, எப்படி எழுதுவாங்க?" என்று கேட்டார்.

பேர் வேண்டாம் அத்தை. பெண் குழந்தை, அம்மா பேர், அப்பா பேர், தேதி, இடம். அவ்வளவுதான்.