ஐஸ்கிரீம் கடை ஏஜென்சி எடுக்கிறீங்களா? ‘ஏரியா’ யாருக்குன்னு முதல்ல பாருங்க!

திருவண்ணாமலை:

நகையை அடகு வைத்து, சீட்டுப் பணத்தை எடுத்து ஐஸ்கிரீம் கடை ஏஜென்சி எடுக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது டெபாசிட் எவ்வளவு, கமிஷன் எவ்வளவு என்பதைத்தான். ‘அடுத்த தெருவுல இன்னொருத்தருக்கு இதே போர்டு கொடுப்பீங்களா?’ என்று கேட்பவர்கள் குறைவு. கடை நிற்குமா, படுக்குமா என்பதை முடிவு பண்ணுவதே அந்த கேள்விதான்.

சின்ன ஊர்களில் கம்பெனி ஐஸ்கிரீம் கடை என்பது தமிழ்நாட்டுக்கு புதுசு இல்லை. 1970-ல் சென்னை ராயபுரத்தில் ரூ.13 ஆயிரம் முதலீட்டில் ஐஸ் குச்சியில் ஆரம்பித்த ஆர்.ஜி.சந்திரமோகனின் அருண் ஐஸ்கிரீம், 1980-களில் சென்னையை விட்டு வெளியூர்களுக்கு போய் ஏஜென்சி கடைகள் மூலமாகத்தான் பெரிசா வளர்ந்தது.

சட்டம் என்ன சொல்லுது?

இந்தியாவில் பிரான்சைஸ் கடைகளுக்கு என்று தனி சட்டம் கிடையாது. இத்தனை கிலோ மீட்டருக்குள் இன்னொரு கடை கொடுக்கக்கூடாது என்று எந்த அரசு விதியும் இல்லை. எல்லாமே நீங்கள் கையெழுத்து போடும் ஒப்பந்த பத்திரம்தான். அதில் ‘ஏரியா’ பற்றி ஒரு வரி இல்லை என்றால், எதிர் வாடையிலேயே அதே போர்டு மாட்டினாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. கம்பெனி ஆள் ‘உங்க ஏரியாவுல வேற யாருக்கும் தர மாட்டோம் சார்’ என்று வாயால் சொன்னது கோர்ட்டில் நிற்பது கஷ்டம்.

அமெரிக்காவில் கதை வேற. அங்கே 1940-ல் தொடங்கிய டெய்ரி குயீன் ஐஸ்கிரீம் கம்பெனி, ஆரம்பத்தில் மாநிலம் மாநிலமாக, ஏரியா ஏரியாவாக உரிமையை பிரித்து விற்றது. இப்போது அந்த நாட்டு விதிப்படி, தனி ஏரியா தரவில்லை என்றால் ‘உங்களுக்கு தனி ஏரியா கிடையாது, எங்க மற்ற கடைகளாலேயே உங்களுக்கு போட்டி வரலாம்’ என்று கம்பெனியே முன்கூட்டி எழுதிக் கொடுக்க வேண்டும். நம்ம ஊரில் அதை நாமதான் கேட்டு வாங்க வேண்டும்.

மலை நடுவுல நிக்குதே!

ஒப்பந்தத்தில் ‘2 கிலோ மீட்டர் சுற்றளவு’ என்று போட்டிருந்தாலும் திருவண்ணாமலையில் அது குழப்பம்தான். ரோட்டு வழியா அளப்பதா, நேர்கோட்டில் அளப்பதா?

கிரிவலப்பாதை மொத்தம் 14 கி.மீ. மலைக்கு இந்தப்பக்கம் இருந்து அந்தப்பக்கம் போக ரோட்டில் 7 கி.மீ. வட்டமாக நினைத்து கணக்கு போட்டால் நேர்கோட்டில் சுமார் நாலரை கி.மீ.தான் வரும். மேப்பில் வட்டம் போட்டால் பாதி வட்டம் மலை மேலே விழும். அங்கே யார் வந்து கோன் ஐஸ் வாங்கப் போகிறார்கள்?

அதைவிட முக்கியமான விஷயம், பவுர்ணமி கூட்டம் ஒரே திசையில் நடக்கிறது. இந்திர லிங்கத்தில் தொடங்கி அக்னி லிங்கம், செங்கம் ரோட்டில் எம லிங்கம், நிருதி லிங்கம் என்று சுற்றிக்கொண்டு கடைசியில் குபேர லிங்கம், ஈசான்ய லிங்கம் வருகிறது. குபேர லிங்கம் பக்கம் உங்கள் கடை என்றால், 3 கி.மீ. முன்னாடி அதே கம்பெனி கடை இருந்தாலே உங்க வியாபாரம் அடிபடும். அந்தப் பக்கம் தள்ளி இருக்கிற கடையால் ஒரு தொந்தரவும் இல்லை. அதனால் கிலோ மீட்டரை நம்புவதை விட ‘இந்த லிங்கத்தில் இருந்து இந்த லிங்கம் வரை’, ‘இந்த தெரு, இந்த தெரு’ என்று பேர் போட்டு எழுதச் சொல்வதுதான் உத்தமம்.

தள்ளுவண்டியும் ஏரியாவுல வருமா?

பவுர்ணமி அன்று ஊருக்குள் வண்டிகளை விடாமல் வெளியே தற்காலிக பஸ் நிலையங்கள் போடுகிறார்கள். கூட்டம் அங்கிருந்து நடந்து வருகிறது. அன்றைக்கு மட்டும் அதே கம்பெனி தள்ளுவண்டியை இறக்கினால்? பக்கத்து மளிகைக்கடையில் பிரீசர் வைத்தால்? ‘இன்னொரு கடை தர மாட்டோம்’ என்ற வரி இதையெல்லாம் தடுக்காது. தள்ளுவண்டி, மளிகைக்கடை பிரீசர், திருவிழா ஸ்டால், செல்போன் ஆப் டெலிவரி என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும்.

ஒரே கம்பெனிக்கு பல போர்டு இருப்பதையும் மறக்காதீங்க. அருண் ஐஸ்கிரீம், ஐபாகோ, ஹேப் டெய்லி மூன்றுமே ஹட்சன் நிறுவனத்துடையவை. இப்படிப்பட்ட இடங்களில் ஏரியா உரிமை ஒரு போர்டுக்கு மட்டுமா, கம்பெனியின் எல்லா கடைகளுக்குமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

நமக்கும் கட்டுப்பாடு உண்டு

‘வேற கம்பெனி ஐஸ்கிரீம் வைக்கக்கூடாது’ என்று ஒப்பந்தத்தில் இருக்கும். அது செல்லும். கோல்ட்ஸ்பாட், லிம்கா, தம்ஸ்அப் பாட்டில் நிரப்பிய குஜராத் பாட்லிங் கம்பெனிக்கும் கோகோ கோலாவுக்கும் நடந்த வழக்கில், ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்வரை இந்த மாதிரி கட்டுப்பாடு செல்லும் என்று 1995-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

ஆனால் ‘ஒப்பந்தம் முடிந்த பிறகும் 2 வருஷம் இந்த தொழிலே செய்யக்கூடாது’ என்று எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம். 1872-ம் வருட ஒப்பந்த சட்டம் 27-வது பிரிவின்படி அது பொதுவாக செல்லாது. அவர்கள் போர்டையும் பேரையும் மட்டும் தொடக்கூடாது.

கடை யாருடைய இடம்?

கோவிலைச் சுற்றி கடை பார்க்கிறவர்கள் இடம் யாருடையது என்று விசாரிக்க வேண்டும். கோவில் இடத்தை 5 வருஷத்துக்கு மேல் குத்தகைக்கு விட அறநிலையத்துறை கமிஷனர் அனுமதி வேண்டும். கம்பெனி ஒப்பந்தம் 9 வருஷம், கடை குத்தகை 3 வருஷம் என்று இருந்தால், இடம் போன பிறகு ஏரியா உரிமை இருந்து என்ன பிரயோஜனம்? ‘கடை இடம் மாறினாலும் ஏரியா உரிமை தொடரும்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க. தனியார் கட்டிடம் என்றால் 2019-ல் அமலுக்கு வந்த வாடகை சட்டப்படி எழுத்து மூலம் ஒப்பந்தம் போட்டு பதிவு செய்ய வேண்டும்.

உணவு பாதுகாப்பு பதிவு, மாநகராட்சி தொழில் உரிமம் எல்லாம் கடை விலாசத்தை வைத்துத்தான் தருகிறார்கள். (திருவண்ணாமலை 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது.) கடையை மாற்றினால் அதையும் மாற்ற வேண்டும்.

கடைசிப் பக்கத்தையும் படிங்க. தகராறு வந்தால் எந்த ஊரில் பஞ்சாயத்து என்று அங்கேதான் இருக்கும். மும்பை, டெல்லி என்று போட்டிருந்தால், ஏரியா உங்க பக்கம் இருந்தாலும் ரெயில் டிக்கெட்டுக்கும் வக்கீலுக்கும் கொடுத்தே கடை பணம் கரைந்துவிடும். கையெழுத்து போடுவதற்கு முன்னாடி ‘திருவண்ணாமலை கோர்ட்டு’ அல்லது சென்னை என்று மாற்றச் சொல்லலாம். கேட்டால் மாற்றிக் கொடுக்கிற கம்பெனிகளும் உண்டு.