பெடலோடு பூட்டும் ஷூ: முதலில் பாதத்தை அளந்து பாருங்கள்

தூத்துக்குடி மில்லர்புரத்தில் விடியற்காலையில் சைக்கிளை எடுப்பவருக்குப் போக வழி நிறைய. மேற்கே பாளையங்கோட்டை சாலையைப் பிடித்து வாகைக்குளம் வரை போகலாம். தெற்கே உப்பளங்களை ஒட்டித் திருச்செந்தூர் சாலை, கிழக்கே கடற்கரையும் துறைமுகமும். மேடு பள்ளம் அதிகமில்லாத இந்தத் தரையில் முப்பது நாற்பது கிலோமீட்டர் சீக்கிரமே பழகிவிடும். பழகியதும் கண் அடுத்தவர் காலில் இருக்கும் கிளீட் ஷூவின் மேல் போகும்.

அந்த ஷூவின் அடியில் கிளீட் என்ற சிறு தகடு திருகப்பட்டிருக்கும். அது பெடலில் உள்ள ஸ்பிரிங் பூட்டில் ‘டக்’கென்று மாட்டிக்கொள்ளும், குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விடுபடும். பனிச்சறுக்குப் பலகைகளுக்குப் பூட்டு செய்துவந்த பிரான்சின் லுக் நிறுவனம் 1984-இல் இந்தப் பெடலைக் கொண்டுவந்தது. மறு ஆண்டு பெர்னார்ட் ஈனோ அதை மிதித்தே டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றார். அன்றிலிருந்து இது வேகக்காரர்களின் சாமான் என்று பெயராகிவிட்டது. ஆனால் காலில் மாட்டுகிற நமக்கு அது முதலில் ஒரு காலணி. காலைக் கடிக்கிற காலணியை எந்தப் பெடலும் சரிசெய்யாது.

வேகம் கூடுமா?

கூடும் என்றுதான் விற்பவர்கள் சொல்வார்கள். காலை மேலே இழுத்தும் மிதிக்கலாம், சக்தி மிச்சமாகும் என்பது பழைய பேச்சு. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், ஓட்டப் பயிற்சி ஷூவோடு தட்டைப் பெடலை மிதித்தபோதும் கிளீட் ஷூவோடு மிதித்தபோதும், நிதானமான ஓட்டத்தில் உடல் செலவிட்ட சக்தியில் வேறுபாடு தெரியவில்லை. லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. வேர்வையிலும் மழையிலும் கால் வழுக்காது, ஒவ்வொரு மிதியிலும் பாதம் ஒரே இடத்தில் நிற்கும், எழுந்து நின்று மிதிக்கலாம். காய்கறிக் கடைக்கும் டீக்கடைக்கும் போய்வருகிறவருக்கு இதெல்லாம் வீண் செலவு என்பது என் கருத்து. ஒரு மணி நேரத்துக்கு மேல் இறங்காமல் ஓட்டுகிறவர் யோசிக்கலாம்.

செருப்பில் வளர்ந்த பாதம்

நம்மில் பெரும்பாலோர் வெறுங்காலோடும் திறந்த செருப்போடும் வளர்ந்தவர்கள். விரல்கள் விரிந்து, பாதத்தின் முன்பகுதி அகலமாக இருக்கும். சைக்கிள் ஷூக்களோ பெரும்பாலும் ஒடுக்கமான ஐரோப்பியப் பாதத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. நீளம் சரியாக இருந்தும் சுண்டுவிரல் பக்கம் நெருக்கும். அந்த நெருக்கலில் விரல்களுக்கு இடையே ஓடும் நரம்புகள் அழுந்தி, இருபதாவது கிலோமீட்டரில் பாதம் மரத்துப்போகும். இல்லையென்றால் உள்ளங்கால் தீயாக எரியும். ஷூ புதிது, போகப் போக விட்டுக்கொடுக்கும் என்று பொறுத்துக்கொள்வார்கள். சாதாரண ஷூவின் தோல் இளகும். பெடலை மிதிப்பதற்கென்று விறைப்பாகச் செய்த அடிப்பாகம் இளகாது.

ஆகவே அளவெடுப்பதை அவசரமாகச் செய்யக் கூடாது. மாலையில் அளவெடுங்கள், நாள் முழுக்க நின்று நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும், நம் ஊர் வெயிலில் ஓட்டும்போதும் அதே அளவுக்குத்தான் வீங்கும். ஒரு தாளின் மேல் எழுந்து நின்று, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இரண்டு பாதங்களையும் சுற்றி வரையுங்கள். குதிகாலிலிருந்து மிக நீண்ட விரல் வரை நீளம், விரல் மூட்டுகளின் இடத்தில் அகலம். பலருக்கு இரண்டு காலும் ஒரே அளவில் இராது. பெரிய காலுக்கே வாங்க வேண்டும். வழக்கமாகப் போடும் ‘எட்டாம் நம்பர், ஒன்பதாம் நம்பர்’ கணக்கை மறந்துவிட்டு, அந்தந்த நிறுவனத்தின் சென்டிமீட்டர் அட்டவணையைப் பாருங்கள். ஷிமானோ அட்டவணையில் 42 என்றால் 26.5 செ.மீ. பாதம், 43 என்றால் 27.2 செ.மீ. அகலப் பாதத்துக்கென்று தனி வடிவமும் சில மாடல்களில் கிடைக்கிறது. அகலம் போதவில்லை என்பதற்காக நீளத்தில் ஒரு சைஸ் கூட்டி வாங்காதீர்கள்; குதிகால் ஆடும், பூட்டைத் திருப்பும்போது பாதம் ஷூவுக்குள்ளேயே சுழலும்.

போட்டுப் பார்க்கும்போது நுனியில் விரல்களை அசைக்க முடிய வேண்டும், குதிகால் மட்டும் எழும்பக் கூடாது. ஓட்டும்போது அணியும் அதே சாக்ஸோடு பாருங்கள். இணையத்தில் வாங்கினால், மாற்றித் தரும் வசதி உண்டா என்று உறுதிசெய்த பிறகு பணம் கட்டுங்கள். கார்பன் அடிப்பாகம் வேண்டியதில்லை. நைலான் போதும், பாதத்துக்கும் கொஞ்சம் இதமானது.

இரண்டு திருகா, மூன்று திருகா?

ஷூ ஒரு வகையும் பெடல் வேறு வகையும் வாங்கிவிட்டால் இரண்டும் பூட்டிக்கொள்ளாது. மூன்று திருகில் நிற்கும் பெரிய பிளாஸ்டிக் கிளீட், சாலைப் பந்தய வகை. அடிப்பாகத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருப்பதால் வழவழப்பான டைல்ஸ் தரையில் வழுக்கும். இரண்டு திருகு வகை, ஷிமானோவின் எஸ்.பி.டி. போன்றது, ரப்பர் அடிப்பாகத்தின் குழிக்குள் உட்கார்ந்திருக்கும், நடக்கலாம். பெரும்பாலும் பெடலின் இரண்டு பக்கமும் மாட்டும். முதன்முதலாக வாங்குகிறவருக்கு இதுவே சரி. பெடலோடு வழக்கமாக வரும் எஸ்.எச்.51 கிளீட் பக்கவாட்டில் திருப்பினால்தான் விடும். தனியாகக் கிடைக்கும் எஸ்.எச்.56 பல திசைகளிலும் விடும், புதியவருக்குப் பதற்றம் குறையும்.

முழங்கால் சொல்லும் குறை

கிளீட்டைப் பொருத்தும்போது, பெருவிரல் அடிமூட்டுக்கும் சுண்டுவிரல் அடிமூட்டுக்கும் நடுவே பெடலின் அச்சு வரவேண்டும். கால் மரத்துப்போனால் சில மில்லிமீட்டர் பின்னே தள்ளுங்கள். ஒரு மேசையில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டால் பாதம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தக் கோணத்துக்கே கிளீட் இருக்கட்டும். இயல்பாக வெளிப்பக்கம் பார்க்கும் பாதத்தை நேராக நிறுத்திப் பூட்டினால், ஒரு மணி நேரத்தில் நாலாயிரம், ஐயாயிரம் முறை முழங்கால் முறுக்கப்படும். முழங்காலின் உள்பக்கமோ வெளிப்பக்கமோ வலித்தால் முதலில் கிளீட்டின் கோணத்தைப் பாருங்கள். முன்பக்க வலி பெரும்பாலும் சீட் தாழ்ந்திருப்பதால் வருவது. பின்பக்க வலிக்கு சீட் உயர்ந்திருக்கலாம்.

இடது காலை முதலில் விடுங்கள்

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள், கல்லோடு கட்டிய கயிற்று வளையத்தில் காலை நுழைத்துக் கடலில் இறங்குவார்கள். அடி தட்டியதும் கால் தானாக வெளியே வந்துவிடும். கல்லை மேலே இழுத்துக்கொள்வார்கள். காலை எப்போது விடுவது என்பது யோசிக்காமல் வரவேண்டிய பழக்கம். கிளீட்டுக்கும் அப்படித்தான். புதியவர்கள் விழுவது வேகத்தில் அல்ல, சிக்னலில் நிற்கும்போது. பக்கவாட்டில் சாயும்போது கையை ஊன்றுவது உடலின் இயல்பு. அதில் மணிக்கட்டு எலும்பு முறியும்.

சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து, ஒவ்வொரு காலையும் ஐம்பது முறையாவது மாட்டி, விடுவித்துப் பழகுங்கள். பெடலில் உள்ள சிறு திருகால் ஸ்பிரிங்கை முழுக்கத் தளர்த்தி வையுங்கள். பிறகு ஆளில்லாத மைதானம், அதன்பிறகே சாலை. நிற்கப்போகும் இடத்துக்கு இருபது மீட்டர் முன்பே இடது காலை விடுங்கள். கன்டெய்னர் லாரியும் உப்பு லாரியும் உங்கள் வலப்பக்கம் போகின்றன. சாய்ந்தாலும் சாலையோரம் சாயவேண்டும்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு

20 வயதைத் தாண்டிய இந்தியர்களில் 11.4 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு கணக்கிட்டது. நீண்டகாலச் சர்க்கரையில் பாத நரம்புகள் மந்தமாகும். மேலே சொன்ன நெருக்கலும் எரிச்சலும் தெரியாமலே கொப்புளம் புண்ணாகிவிடும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் மருத்துவரிடம் காட்டாமல் இறுக்கமான ஷூ வாங்க வேண்டாம். அவர்களுக்குத் தட்டைப் பெடலும் அகலமான ஷூவுமே நல்லது. எதைப் போட்டாலும் வீடு திரும்பியதும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்க்க வேண்டும். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம்.

உப்புக் காற்று

நம் ஊரில் இரும்பு எதுவும் சீக்கிரம் துருப்பிடிக்கும். கிளீட்டின் திருகுகளுக்கு மாட்டும்போதே கிரீஸ் தடவுங்கள், இல்லையென்றால் மாற்றும் நாளில் கழற்ற முடியாது. கடற்கரை மணல் பூட்டில் அடைத்தால் காலை விடுவிப்பது கடினமாகும், ஏறுமுன் தட்டிவிடுங்கள். ஈர ஷூவில் சேற்றுப்புண் வரும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவையுங்கள். நேர்வெயிலில் வைத்தால் அடிப்பாகத்தின் பசை விட்டுப்போகும். கிளீட் தேயத் தேயப் பிடிப்பு தளர்ந்து, எதிர்பாராத நேரத்தில் கால் கழன்றுகொள்ளும். அப்போது மாற்ற வேண்டியது கிளீட்டை மட்டும். ஷூ இன்னும் பல வருடம் உழைக்கும்.