கொம்பு உதிரும் காலத்துக் கடமான்

தென்னிந்தியக் காடுகளில் கடமான்கள் பெரும்பாலும் நவம்பர், டிசம்பரை ஒட்டி இணைசேர்கின்றன. திருப்பதியை ஒட்டி எழும் சேஷாசல மலைகளில் அது வடகிழக்குப் பருவமழைக் காலம். அந்த வாரங்களில் ஆண் மான் சரியாக மேய்வதில்லை. பிணையைத் தேடி அலைவதும் எதிரி ஆண்களை விரட்டுவதுமாகவே அதன் பொழுது போகிறது. சேற்றில் புரளும், கொம்பால் மரப்பட்டையைக் கிழிக்கும். பருவம் முடியும்போது உடல் இளைத்து, பிணைகளை விட்டு விலகித் தனியே ஒதுங்கிவிடும். கோடை நெருங்கக் கொம்பும் உதிரும். புள்ளிமானுக்கு இப்படி ஒரே கெடு கிடையாது. அதில் முற்றிய கொம்புள்ள ஆண்களை ஆண்டு முழுவதும் காணலாம்.

இளைத்த கடமானைக் கண்டுபிடிக்க அதன் தேவையை அறிந்தால் போதும். அமெரிக்காவில் வெண்வால் மானைத் தேடும் உரிமம் பெற்ற வேட்டைக்காரர்கள், இணைசேரும் பருவம் கழிந்ததும் ஓக் கொட்டைகள் உதிர்ந்து கிடக்கும் இடங்களிலும் அறுவடையான சோளக் காடுகளின் ஓரத்திலும் காத்திருப்பார்கள். பனிக்காலத்துக்குள் உடம்பைத் தேற்றிக்கொள்ள மான் தீனிக்கு வந்தே ஆக வேண்டும். சேஷாசலத்தில் அந்தக் கட்டாயத்தைத் தருவது தண்ணீர். மழை நின்று ஓடைகள் வற்ற வற்ற, மிச்சமிருக்கும் குட்டைகளைச் சுற்றிக் குளம்படிகள் பெருகும். கடமான் பகலில் அடர்ந்த பள்ளங்களில் படுத்திருந்து, இருட்டிய பிறகே வெளியே வரும். ஈரம் காயாத புழுக்கை அது அண்மையில் வந்துபோனதைச் சொல்லும். பட்டை கிழிந்து காய்ந்த மரம் பழைய வரவைச் சொல்லும்.

இதே தடயங்களைத் திருட்டு வேட்டைக்காரர்களும் படிக்கிறார்கள் என்பதுதான் கவலை. நீருக்குப் போகும் தடத்தில் கம்பிக் கண்ணி வைப்பதும், இரவில் டார்ச் ஒளியில் கண்கூச நிற்கும் மானை நாட்டுத் துப்பாக்கியால் சுடுவதும் அவர்கள் வழக்கம். கண்ணிக்கு ஆணும் பெண்ணும் ஒன்றுதான். கடமானின் சினைக்காலம் ஏறத்தாழ 8 மாதம். டிசம்பரில் சேர்ந்த பிணை கோடை முழுவதும் சினையாகவே நடமாடும். அதைக் கொல்வது இரண்டு உயிரைக் கொல்வது. காட்டில் செந்நாய்க்கும் சிறுத்தைக்கும் கிடைக்கும் இரையும் குறைகிறது.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கடமான், புள்ளிமான் வேட்டை குற்றம். கண்ணி வைப்பதும், இரை காட்டி இழுப்பதும், அதற்கான முயற்சியும்கூட வேட்டை என்றே கணக்கு. இம்மலைகளில் ஸ்ரீ வேங்கடேஸ்வரா தேசியப் பூங்கா 1989இல் அமைந்தது. 2010இல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமானது. மானைத் தேடும் கலை இன்று இங்கே கணக்கெடுப்புக்கே உரியது. குறித்த கோட்டில் நடந்து கண்ட மான்களை எண்ணுகிறார்கள். அளந்த இடத்தில் புழுக்கைக் குவியல்களைக் கணக்கிடுகிறார்கள். தானியங்கிக் கேமராக்களைப் பொருத்துகிறார்கள். இலையுதிர்ந்து பார்வை தெளியும் வறண்ட மாதங்களே இந்த வேலைக்குத் தோதானவை. கண்ணிகளைத் தேடி அகற்றவும் அதுவே ஏற்ற காலம்.