சில்லை வெளியே தள்ளும் வட்டு: கவனிக்கப்படாத ஓர் ஆபத்து

பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டி நோக்கிச் செல்லும் ஏ-18 வீதியில் அமைந்துள்ள கஹவத்தையிலும் சரி, நாட்டின் ஏனைய நகரங்களிலும் சரி, சில்லுகள் மட்காட்டுக்கு வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும் கார்களைக் காணக்கூடியதாக உள்ளது. இளைஞர்களுக்கு இத்தோற்றத்தில் ஒரு மோகம். அகலமான ரிம்களாலும் இது ஏற்படலாம். எனினும், குறைந்த செலவில் இதனைப் பெறும் வழியாக ‘வீல் ஸ்பேசர்’ எனப்படும் உலோக வட்டு பயன்படுத்தப்படுகின்றது. ஹப்புக்கும் ரிம்முக்கும் இடையே செருகப்படும் இவ்வட்டு, சில்லைச் சில மில்லிமீற்றர் முதல் ஓர் அங்குலம் வரையும் அதற்கு மேலும் வெளியே நகர்த்திவிடுகின்றது.

அலங்காரத்துக்காக மட்டுமே இது பொருத்தப்படுகின்றது எனக் கூறுவதற்கில்லை. வேறொரு காரிலிருந்து கழற்றப்பட்ட அலாய் ரிம் பிரேக் பகுதியிலோ சஸ்பென்ஷனிலோ உரசும்போது, இடைவெளியை உண்டாக்கவும் இதனை நாடுகின்றனர். 2020 மார்ச்சில் விதிக்கப்பட்ட வாகன இறக்குமதித் தடை தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே நீக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் இருந்த வாகனங்களே கைமாறின. கிடைத்த உதிரிப்பாகங்களைக் கொண்டே காலம் தள்ளப்பட்டது. இதனையும் நாம் மறந்துவிடலாகாது.

ஆபத்து எங்கே உள்ளது என்பதைச் சற்று விளக்க வேண்டும். சில்லின் பாரத்தைப் போல்ட்களே சுமக்கின்றன என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவல்ல. நட்களை இறுக்கும்போது ரிம் ஹப்பின் மீது அழுத்தப்படுகின்றது. அந்த அழுத்தத்தினால் உண்டாகும் உராய்வே பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்குகின்றது. அழுத்தம் தளருமாயின் ரிம் கண்ணுக்குத் தெரியாத அளவில் அசையத் தொடங்கும். ஒவ்வொரு சுழற்சியிலும் போல்ட் வளைந்து நிமிரும். ஈற்றில் உலோகம் சோர்வுற்று முறியும். ஒரு போல்ட் முறிந்தால் அதன் சுமை மற்றையவற்றின் மீது ஏறும். நான்கு போல்ட்களே உள்ள சிறிய கார்களில் இதன் விளைவை விபரிக்கத் தேவையில்லை.

வெறுமனே செருகப்படும் ஸ்பேசர்களில், 10 மில்லிமீற்றர் தடிப்புள்ள வட்டு போல்ட்டின் நீளத்திலிருந்து அதே 10 மில்லிமீற்றரை விழுங்கிவிடுகின்றது. போல்ட்டின் விட்டத்துக்குச் சமமான நீளத்துக்காவது நட் புரியேற வேண்டும் என்பது பொதுவான விதி. 12 மில்லிமீற்றர் போல்ட்டில், 1.5 புரி இடைவெளி கொண்ட டொயோட்டா வகைகளுக்கு அது 8 சுற்றுகள், 1.25 இடைவெளி கொண்ட சுசுகி, நிசான் வகைகளுக்கு ஏறக்குறைய 10 சுற்றுகள். மூன்று, நான்கு சுற்றிலேயே நட் இறுகிவிட்டால் அந்தக் காரை வீதியில் இறக்கவே கூடாது. ஒரு வகைக்குரிய நட்டை மற்றைய வகைப் போல்ட்டில் பலவந்தமாக ஏற்றுவோரும் உள்ளனர்; அது புரியையே சிதைத்துவிடும்.

தனக்கெனப் போல்ட்களைக் கொண்ட ஸ்பேசர் இதைவிடப் பாதுகாப்பானதாகத் தோன்றும். ஆனால் அதில் இரண்டு வரிசை நட்கள். உள்வரிசை ரிம்முக்குப் பின்னால் மறைந்திருக்கும். டயர் கடையில் வெளிவரிசையை எவ்வளவுதான் இறுக்கினாலும், உள்ளே தளர்ந்திருப்பதை எவரும் அறியார். சில்லை முழுமையாகக் கழற்றினால் மட்டுமே தெரியவரும்.

சில்லு வெளியே நகர்ந்ததும் பெயாரிங்கின் மீது விழும் நெம்புவிசையும் கூடுகின்றது. குழியொன்றில் சில்லு விழும்போது ஸ்டியரிங் கையை வெட்டி இழுக்கும். கஹவத்தையைச் சூழவுள்ள தேயிலை, இறப்பர் தோட்டங்களின் ஏற்ற இறக்கமும் வளைவும் நிறைந்த பாதைகளில் இதன் தாக்கம் பன்மடங்காகும். தீபாவளிக்கோ நோன்புப் பெருநாளுக்கோ குடும்பத்தினர் அனைவரையும் பொதிகளையும் ஏற்றிச் செல்லும்போது காரின் உடல் தாழ்ந்து, டயர் மட்காட்டில் உரசி வெட்டுப்படவும் கூடும்.

ஸ்பேசர் என்றாலே குற்றம் என்பது எமது வாதமன்று. ஜேர்மனியின் போர்ஷே நிறுவனம் தனது சில கார்களுக்கு 5 மில்லிமீற்றர் ஸ்பேசர்களைத் தானே வழங்கியுள்ளது. ஆனால் அவை அதற்கேற்ற நீண்ட போல்ட்களுடன், சோதிக்கப்பட்டு வழங்கப்படுபவை. லேத் பட்டறையில் கடைந்தெடுக்கும் இரும்பு வட்டையும், போல்ட்டில் கோர்க்கப்படும் வாஷர்களையும் அவற்றுடன் ஒப்பிட இயலாது. அண்டை நாடான இந்தியாவிலோ, தயாரிப்பாளர் குறிப்பிட்ட மூல விபரங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்றியமைக்க முடியாது என 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கொன்றில் தீர்ப்பளித்தது.

இங்குள்ள நிலைமை என்ன? 2025 ஜனவரியில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ திட்டத்தின் கீழ், பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் மேலதிகமாகப் பொருத்தப்பட்ட பாகங்களை அகற்றும் நடவடிக்கையில் பொலிஸார் இறங்கினர். எதிர்ப்புக் கிளம்பியதும் கால அவகாசம் வழங்கப்பட்டது. வர்ண விளக்கும் ஹோர்னும் கண்ணுக்கும் காதுக்கும் எட்டுபவை. ரிம்முக்குப் பின்னால் இருப்பது எட்டாது. லொறி, பஸ் போன்றவற்றுக்குத் தகுதிச் சான்றிதழ் உண்டு. தனியார் காருக்கோ வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனையும் காப்புறுதியும் போதும். புகையை ஆண்டுதோறும் அளக்கும் நாம், சில்லை எதுவும் கேட்பதில்லை!

ஸ்பேசர் பொருத்திய கார் இன்னொருவருக்கு விற்கப்படும்போது வாங்குபவர் அதை அறிவதே இல்லை. எனவே பழைய காரை வாங்குவோர் நான்கு சில்லுகளையும் கழற்றிக் காட்டும்படி கேட்க வேண்டும்; அதற்கு அரை மணி நேரம் போதும். புகைப் பரிசோதனை நிலையத்துக்கு வரும் கார்களின் சில்லுகளையும் சேர்த்துச் சோதிக்கும் ஏற்பாட்டை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் பரிசீலிக்க வேண்டும். அதுவரை, ஸ்டியரிங்கில் புதிதாக அதிர்வையோ சில்லில் ‘டக் டக்’ என்ற ஓசையையோ உணரும் சாரதிகள், வீடுவரை ஓட்டிப் பார்ப்போம் என எண்ணாது அங்கேயே நிறுத்தி, ரிம்மைக் கழற்றிப் பார்ப்பது அவசியம்.