பத்திரிகை நறுக்குகளும் குடும்ப வரலாறும்: யாழ்ப்பாணத்து மரண அறிவித்தல்களை முன்வைத்து

முன்னுரை

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிமாரின் ‘உதயதாரகை’ 1841இல் தொடங்கப்பெற்றது. சைவபரிபாலன சபையின் ‘இந்து சாதனம்’ 1889இல் வெளிவந்தது. கொழும்பில் 1930இல் ‘வீரகேசரி’யும் 1932இல் ‘தினகரன்’ நாளிதழும், யாழ்ப்பாணத்தில் 1959இல் ‘ஈழநாடு’ இதழும் தோன்றின. அச்சு ஊடக வரலாற்றுக்கும் சமய, அரசியல் விவாதங்களுக்கும் சான்றாகப் பெரிதும் ஆளப்பட்ட இவ்விதழ்களின் அறிவித்தல் பக்கங்கள் குடும்ப வரலாற்று மூலங்களாக அத்துணை நோக்கப்பெறவில்லை.

இப்பக்கங்களின் தேவை இன்று மிகுந்துள்ளது. 1981 மே 31 இரவும் ஜூன் 1ஆம் தேதியும் நிகழ்ந்த வன்செயலில் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிந்தது; ‘ஈழநாடு’ அலுவலகமும் தீக்கிரையானது. 1995 அக்டோபரில் நிகழ்ந்த பெரும் இடப்பெயர்வும் பிற இடப்பெயர்வுகளும் வீட்டுப் பெட்டகங்களில் இருந்த காணி உறுதிகளையும் சாதகங்களையும் பதிவுச் சான்றுகளையும் பலரிடமிருந்து பறித்தன. இத்தகைய குடும்பங்களுக்குப் புலம்பெயர்ந்த உறவினர் ஒருவரிடம் எஞ்சிய பத்திரிகை நறுக்கே சில வேளைகளில் முன்னோரைப் பற்றிய எழுத்துச் சான்றாக அமைகிறது. மரண அறிவித்தல் இறந்தவரைப் பற்றிய ஆவணம் என்பதினும் அதனை வெளியிட்டோரின் ஆவணம் என்பதே பொருந்தும். அதன் அமைப்பையும் உறவுச்சொல் வழக்கையும் விடுபாடுகளையும் அறிந்த பின்னரே அதனைச் சான்றாகக் கொள்ள இயலும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

காலத்தை உறுதிசெய்தல்

கத்தரிக்கப்பெற்றதும் நறுக்கு தன் நாளையும் இதழின் பெயரையும் இழந்துவிடுகிறது. அறிவித்தலில் தமிழாண்டுப் பெயர் மட்டும் இருப்பின் அறுபதாண்டுச் சுழற்சியால் ஐயம் எழும். ‘தாது’ என்பது 1876–77 ஆகலாம்; 1936–37உம் ஆகலாம். மாதத் தேதியுடன் கிழமையும் குறிக்கப்பட்டிருப்பின் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டு இரண்டில் ஒன்றை விலக்கலாம். நினைவஞ்சலிகளில் இடம்பெறும் திதி வெண்பா ஆண்டு, மாதம், பக்கம், திதி ஆகியவற்றைச் செய்யுளில் பொதிந்து வைப்பதால் காலக் கணிப்புக்குப் பெரிதும் துணைசெய்கிறது. நறுக்கின் பின்புறத்தில் அரைகுறையாக எஞ்சிய திரைப்பட விளம்பரமோ செய்தித் தலைப்போ அதனினும் உறுதியான சான்றாகலாம். எழுத்துவடிவத்தைக் கொண்டு காலம் கணிப்பதில் எச்சரிக்கை தேவை. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்த ஆணை தமிழ்நாட்டரசுக்கு உரியது. இலங்கை இதழ்களை அது கட்டுப்படுத்தவில்லை. எனவே பழைய ‘லை’, ‘ணை’ வடிவங்களைக் கண்ட அளவில் ஈழத்து நறுக்கொன்றை 1978க்கு முற்பட்டது எனத் துணிதல் பிழையாகும்.

அறிவித்தலின் அமைப்பு

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைபெற்ற யாழ்ப்பாணத்து மரண அறிவித்தல் பெரும்பாலும் இரு நீண்ட வாக்கியங்களால் ஆனது. முதல் வாக்கியம் ஓர் ஊரைப் ‘பிறப்பிடமாகவும்’ மற்றோர் ஊரை ‘வதிவிடமாகவும்’ கொண்டவர் காலமானார் என்று உரைக்கும். இரண்டாம் வாக்கியம் ‘அன்னார்’ எனத் தொடங்கி, ‘மகனும்’, ‘கணவரும்’, ‘தந்தையும்’, ‘மாமனாரும்’ என எண்ணும்மையால் உறவுகளை அடுக்கி ‘ஆவார்’ என முடியும்.

முதல் வாக்கியம் புலப்பெயர்வின் சுருக்கமான வரைபடமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் மலாயாவின் புகையிரதத் துறையிலும் அரசாங்க எழுதுவினைஞர் பணியிலும் சேர்ந்த யாழ்ப்பாணத்தவர் பலர் ஓய்வுக்குப் பின் ஊர் திரும்பினர். உடுவில் பிறப்பிடம், ஈப்போ முன்னாள் வதிவிடம், வெள்ளவத்தை இறுதி வதிவிடம் என அமையும் ஒரு வாக்கியம், ஆய்வாளர் தேட வேண்டிய மூன்று ஆவணக் களங்களைக் காட்டிவிடுகிறது.

இரண்டாம் வாக்கியத்தில் ‘காலஞ்சென்ற’ என்னும் அடை காலச் சான்றாகப் பயன்படும். தந்தையின் அறிவித்தலில் அடையின்றி இடம்பெறும் மகனின் பெயர், பல்லாண்டு கழித்து வெளிவந்த தாயின் அறிவித்தலில் ‘காலஞ்சென்ற’ என்னும் அடையுடன் வருமாயின், அம்மகனின் இறப்பு அவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்டது எனக் கொள்ளலாம். தனித்த நறுக்கினால் பெற இயலாத இச்செய்தியை நறுக்குகளின் வரிசை தருகிறது.

உறவுச்சொற்கள்

தமிழ்நாட்டு வழக்கில் ‘பேரன்’ என்பது மகன் அல்லது மகளின் மகனைக் குறிக்கும். யாழ்ப்பாணத்து அறிவித்தல்களிலோ ‘அன்புப் பேரனும்’ என்பது பாட்டனையும், ‘பேத்தியும்’ என்பது பாட்டியையும், ‘பூட்டனும்’ என்பது அவர்க்கு முந்திய தலைமுறையையும் குறித்து வருகின்றன. அடுத்த தலைமுறையினர் ‘பேரப்பிள்ளைகள்’ ஆவர். இவ்வழக்கை அறியாதவர் தலைமுறை வரிசையைத் தலைகீழாக்கிவிடுவர். ‘பெறாமகன்’, ‘பெறாமகள்’ என்பன உடன்பிறந்தாரின் மக்களைக் குறிக்கும் சொற்கள். தத்தெடுப்பைக் குறிப்பன அல்ல. ‘மருமகன்’ என்பது மகளின் கணவனையும் குறிக்கும். ஆணுக்குச் சகோதரியின் மகனையும் பெண்ணுக்குச் சகோதரனின் மகனையும் குறிக்கும். மச்சான் மச்சாள் மண உறவு வழங்கிய சமூகத்தில் இருவரும் ஒருவராகவே இருத்தலும் கூடும். இத்தகைய இடங்களில் நறுக்கு மட்டும் முடிவு தாராது.

பெயரும் ஆளும்

பரம்பரைக் குடும்பப் பெயர் இன்றித் தந்தையின் பெயரே முதலெழுத்தாக வரும் மரபில் தலைமுறைதோறும் பெயர் மாறுகிறது. ஆகவே ஊரையும் தொழிலையும் பெயரோடு இணைத்தே தேட வேண்டும். மிஷன் பாடசாலைகளில் பயின்றோர் வகையில் இச்சிக்கல் இரட்டிக்கிறது. ‘உதயதாரகை’யின் தொடக்ககால ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் இருவரும் மிஷன் வழங்கிய பெயருடைய தமிழர்களே. அவ்விதழின் பிற்கால ஆசிரியரும் ‘பாவலர் சரித்திர தீபகம்’ (1886) இயற்றியவருமான சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் என்றும் வழங்கப்பெற்றார். புகழ்பெற்றோர் வகையில் இரு பெயர்களும் ஒருவரையே சுட்டுவது தெளிவு. ஏனையோர் வகையில் இரு பெயர்கள் இரு மனிதர்களாகிவிடும் வாய்ப்பு மிகுதி.

நீதிமன்ற அறிவித்தல்கள்

மரண அறிவித்தல் மறைப்பதை அதே இதழில் வந்த மரணசாதன வழக்கு அறிவித்தல் வெளிப்படுத்துவதுண்டு. இறந்தவரின் சொத்தை நிருவகிக்க மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்வோர், எதிர்மனுதாரராகக் குறிக்கப்படும் உரித்தாளர், பராயமடையாத பிள்ளைகளின் பாதுகாவலர் ஆகியோரின் பெயர்கள் அதில் ஊர்ப்பெயருடன் வருகின்றன. ஒல்லாந்தர் ஆட்சியில் 1706–07இல் தொகுக்கப்பெற்ற தேசவழமை முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தைப் பகுத்துச் சீதனத்தைப் பெண்ணுக்கு உரியதாக்கியது. அதனால் இவ்வறிவித்தல்களில் பெண்கள் இன்னாரின் மனைவி என்ற அளவில் நில்லாது, தம் பெயராலேயே வழக்கின் தரப்பினராகத் தோன்றுகின்றனர். பெண்வழி முன்னோரைத் தேடுவோர் இப்பகுதியை விட்டுவிடலாகாது.

விடுபாடுகள்

அறிவித்தல் கட்டணம் செலுத்தி வெளியிடப்படுவது. கட்டணம் செலுத்த இயலாதோரும் அச்சின் வட்டத்துக்கு வெளியே வைக்கப்பட்ட ஒடுக்கப்பட்ட சாதியினரும் பழைய அறிவித்தல் பக்கங்களில் அரிதாகவே காணப்படுகின்றனர். குடும்பத்தார் ஏற்காத மணம் புரிந்த மகளோ, முதல் மணத்துப் பிள்ளைகளோ பட்டியலில் இடம்பெறாமை கூடும். பட்டியலில் இல்லாதவர் பிறக்கவேயில்லை எனக் கொள்ளும் ஆய்வு, அறிவித்தலை வெளியிட்டோரின் தீர்ப்பைத் தன் தீர்ப்பாக்கிக்கொள்கிறது. குடிவழி ஒன்றைக் காணி உரிமைக்கோ உறவினரைக் கண்டறிவதற்கோ இன்று நாடுவோர்க்கு இப்பிழையின் விளைவு பெரிது.

ஆகவே நறுக்கைப் பிற மூலங்களோடு ஒப்பிடல் இன்றியமையாதது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியை ஒட்டி வழங்கப்பெறும், ‘கல்வெட்டு’ என யாழ்ப்பாணத்தார் அழைக்கும் நினைவுச் சிறுநூல் பெரும்பாலும் விரிவான குடிவழியைத் தரும். ஆயினும் அதுவும் அதே குடும்பத்தாரின் கூற்றே. ஆலய, தேவாலயப் பதிவேடுகள், பாடசாலை வரவேடுகள், அரசாங்க வர்த்தமானி ஆகியன குடும்பத்துக்குப் புறம்பான சாட்சிகள். 2005இல் தொடங்கப்பெற்ற நூலகம் எண்ணிம நூலகத்தில் ஈழத்து இதழ்களும் நினைவு மலர்களும் படிக்கக் கிடைப்பதால், தனி நறுக்கு எந்தப் பக்கத்திலிருந்து கத்தரிக்கப்பெற்றது என்பதைப் பல வேளைகளில் கண்டறிய முடிகிறது.

முடிவுரை

பத்திரிகை நறுக்கு குடும்ப வரலாற்றின் தொடக்கச் சான்றேயன்றி முடிந்த சான்றன்று. காலம் உறுதிசெய்யப்பட்டு, உறவுச்சொல் வட்டார வழக்கின்படி பொருள்கொள்ளப்பட்டு, வெளியிட்டோரின் நோக்கும் விடுபாடும் கணக்கில் எடுக்கப்பட்ட பின்னரே அது வரலாற்று மூலமாகிறது. உறவினர் இல்லங்களில் எஞ்சியுள்ள நறுக்குகளைத் திரட்டும்போது, அவற்றைப் பாதுகாத்தவர் யார், எவ்வழி அவரிடம் வந்தன என்பதையும் உடன் பதிதல் வேண்டும். அறிவித்தலின் உறவுச்சொற்களையும் விடுபட்ட பெயர்களையும் அறிந்த முதியோர் வாழும் காலத்திலேயே அப்பணி நிறைவேறுதல் இன்றியமையாதது.